கையெழுத்துப் போடுபவரும் கல்வெட்டு படிப்பவரும்

பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் சொக்கநாதசாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சொக்கப்பெருமாளுக்கு விடப்பட்ட கொடைகளைச் சொல்பவை. கண்ணனூரிலிருந்து ஆண்ட போசள மன்னன் வீர ராமநாதன் காலத்தவையும் அவற்றில் உண்டு. ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றொரு பெயர் இருந்ததும் இவற்றால்தான் தெரிகிறது. இந்த மண்ணில் தமிழில் கொடை எழுதிவைத்தவர்கள் யார், எதற்காக வந்தவர்கள் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய ஒருவர் விரும்புவதாக வைத்துக்கொள்வோம். இதே தொம்மலூரில் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்ய நினைப்பவராகவும் இருக்கலாம். அவர் எந்தக் கதவைத் தட்டுவது? பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் துறையிலோ, மைசூரில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவிலோ கிடைக்கலாம். போசளர் வரலாறு அறிந்தவர் கர்நாடகப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் இருப்பார். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை இவர்கள் எல்லோருக்கும் இருக்காது.

‘நல்ல கைடு’ தேடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. துறையில் பெரிய பெயர் யார், அவரிடம் சொல்லிவைக்க யார் இருக்கிறார்கள் என்பதோடு நம் தேடல் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோ வேறு கணக்கைச் சொல்கின்றன. பட்டம் தரும் நிறுவனத்தின் நிரந்தர ஆசிரியர்தான் நெறியாளர் ஆக முடியும். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதியவரைச் சேர்க்கவே கூடாது. ஆக, துறையில் மிக மூத்தவர், மிகப் புகழ்பெற்றவர் என்று நாம் யாரைத் தேடிப் போகிறோமோ அவரிடம் இடம் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். ஆனால் வேறு நிறுவனத்தில் இருக்கும் அறிஞரை உரிய ஒப்புதலோடு இணை நெறியாளராகச் சேர்க்க அதே விதி இடம் தருகிறது. அறிவை ஒருவரிடமும் கையெழுத்தை இன்னொருவரிடமும் பெறலாம் என்று ஏற்றுக்கொண்டால், தொம்மலூர்க்காரரின் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். இருவரையும் ஒருவராகத் தேடுவதில்தான் ஆண்டுகள் போகின்றன.

புகழ்பெற்ற ஆசான் கிடைத்தால் மற்றதெல்லாம் தானே நடக்கும் என்ற நம்பிக்கைக்கு இதே பெங்களூரில் ஒரு பழைய மறுப்பு உண்டு. அன்னா மாணி 1940இல் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்து, தன் பெயரில் மட்டுமே ஐந்து கட்டுரைகள் எழுதி, 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்ற காரணம் சொல்லிப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது. ஆசான் நோபல் பரிசு பெற்றவர்; ஆய்வின் தரத்திலும் குறையில்லை. பட்டம் தரும் இடத்தின் தகுதி விதி ஒன்றே அவரை வெளியே நிறுத்தியது. அவர் பின்னாளில் இந்திய வானிலைத் துறையில் பெரும் பெயர் எடுத்தார் என்பது அவருடைய திறமை. அந்த விதிக்கு அதில் பெருமை இல்லை.

சரி, இடமிருக்கிற ஒருவர் பொருத்தமானவரா என்பதை எப்படி அறிவது? அவர் எழுதியவற்றைப் படிக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. அதைவிட முக்கியம், அவரிடம் படித்தவர்கள் எழுதியதைப் படிப்பது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் ‘ஷோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன, கட்டணம் இல்லாமல். நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடலாம். பல பதிவுகளில் சேர்ந்த நாளும் முடித்த நாளும் இருக்கும். ஒருவரிடம் நான்கு ஆண்டில் முடித்தவர்கள் எத்தனை பேர், எட்டு ஆண்டு ஆனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிடலாம். ஐந்து ஆய்வேடுகளிலும் ஒரே முன்னுரை, ஒரே நூற்பட்டியல், ஊர்ப்பெயர் மட்டும் வேறு என்றால் அங்கே உங்களுக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும். (நன்றியுரையை நம்ப வேண்டாம்; அது எல்லா ஏட்டிலும் ஒன்றுதான்.) பிறகு முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள் என இருவகையினரிடமும் பேச வேண்டும். திருத்தக் கொடுத்த இயல் எத்தனை நாளில் திரும்பி வரும், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், வீட்டு வேலை சொல்வாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆசிரியரைப் பற்றி மாணவன் விசாரிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெண் கொடுக்கும் முன் நாலு பேரிடம் விசாரிக்கும் சமூகம், ஆறு ஆண்டுகள் ஒருவருக்குக் கீழே இருக்கப்போகிறவனிடம் மட்டும் வாயை மூடச் சொல்வது நியாயமில்லை. 2023இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஓர் ஆய்வு மாணவர் தற்கொலை செய்துகொண்டபின், ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஜி. திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நெறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். விசாரிப்பது மரியாதைக் குறைவு என்பவர்கள் இதையும் நினைத்துப்பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது: ‘கைடைத் துறைதானே ஒதுக்குகிறது, மாணவன் எங்கே தேர்ந்தெடுக்கிறான்?’ உண்மைதான். ஆனால் ஒதுக்கும்போது ஆசிரியரிடம் உள்ள இடம், அவரது துறை, நேர்காணலில் மாணவர் சொல்லும் ஆய்வு ஆர்வம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2016 விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘எனக்குக் கல்வெட்டில் ஆர்வம்’ என்று சொல்பவரை யாருக்கும் ஒதுக்கலாம். ‘தொம்மலூர்க் கொடைக் கல்வெட்டுகளை எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் படித்தேன், நிலமும் ஏரியும் யார் கையில் இருந்தன என்று பார்க்க விரும்புகிறேன்’ என்பவரை அப்படித் தள்ளிவிட முடியாது. முன்கூட்டியே ஒரு பேராசிரியருடன் பேசி அவருடைய ஒப்புதலைப் பெற்றவருக்கு நேர்காணல் அறையிலேயே ஓர் ஆதரவுக் குரல் இருக்கும்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதமும் இப்படித்தான் அமைய வேண்டும். ‘தங்களின் மேலான வழிகாட்டுதலில்’ என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே அஞ்சல் போனால் நாற்பது பேரும் படிக்க மாட்டார்கள். அவருடைய ஒரு கட்டுரையில் எது உங்களுக்கு உதவியது, எங்கே கேள்வி எழுந்தது, உங்களிடம் என்ன தரவு இருக்கிறது, நெட் தகுதி உண்டா, முழுநேரமா பகுதிநேரமா, பகுதிநேரம் என்றால் அலுவலகம் தடையின்மைச் சான்று தருமா, இந்த ஆண்டு அவரிடம் இடம் இருக்கிறதா? இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். இடம் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் லாபம். வேறு யாரைப் பார்க்கலாம் என்று அவரிடமே கேட்கலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நெறியாளர்களின் பட்டியலையும் அவர்களிடம் சேர்ந்த ஆய்வாளர்களின் பெயர், தலைப்பு, சேர்க்கை நாள் ஆகியவற்றையும் இணையதளத்தில் வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று 2022 விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. அதை ஒழுங்காகச் செய்யட்டும்; கூடவே முடித்த நாளையும், விலகியவர்களின் எண்ணிக்கையையும் சேர்க்கட்டும். பட்டியல் இல்லாத பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன் மாணவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.