கிளாஸுக்குப் போனா ஆட்டம் வருமா?

கோடை லீவு விட்டாலே எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "புள்ளைய எந்த கிளாஸ்ல சேர்க்கலாம்?" ஒருத்தி நீச்சல் என்பாள், ஒருத்தி செஸ் என்பாள், இன்னொருத்தி ஷட்டில் என்பாள். பணம் கட்டி, பேட் வாங்கி, ஷூ வாங்கி அனுப்புகிறோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும், "காசு போனதுதான் மிச்சம், ஆட்டம் ஒண்ணும் வரலை" என்று அதே வாயால் சலித்துக்கொள்கிறோம்.

நான் பத்தாவது வரை படித்தவள். பெரிய வீராங்கனையெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்தரை மணிக்கு நடக்கும் பெண்கள் பேட்ச்சில் ஷட்டில் ஆடப் போகிறேன். என் மகளையும், நாத்தனார் பிள்ளைகளையும் கிளாஸில் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கிளாஸுக்குப் போனால் கை திருந்தும். ஆட்டம் வளர்வது கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கிடைக்கிற நேரத்தில்தான்.

முதலில் கை விஷயம். நம்மில் யார் கையில் ஷட்டில் பேட்டைக் கொடுத்தாலும் தோசைக் கரண்டி பிடிக்கிற மாதிரிதான் பிடிப்போம். பேட்டின் முகம் எதிராளியைப் பார்த்தபடி தட்டையாக இருக்கும். அப்படிப் பிடித்தால் நேராக வருகிற பந்தைத் தட்டலாம். இடது பக்கம் வந்தால் கை திரும்பாது, தலைக்கு மேலே வந்தால் வேகம் வராது. ஒருவருக்குக் கை கொடுக்கிற மாதிரி பேட்டைப் பிடிக்க வேண்டும் என்பதே கோச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தேங்காய் துருவற மாதிரி இறுக்காதீங்கம்மா. லேசா வெச்சிருந்து, அடிக்கிறப்ப மட்டும் இறுக்குங்க" என்பார். அடித்தவுடன் நின்ற இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்காமல் நடுவுக்கு வர வேண்டும் என்பதும் அப்படித்தான். நம் கை தப்பாகப் போவது நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கிற இன்னொருவர் கண் வேண்டும். நாம் பணம் கொடுப்பது அந்தக் கண்ணுக்குத்தான்.

ஆனால் சேருகிறவர்களிடம் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் மாசம் ஆட்டம் கெட்டுப்போகும். ஆமாம், கெட்டுத்தான் போகும்! தோசைக் கரண்டிப் பிடியில் பத்துப் பந்தில் ஏழு அடித்துக்கொண்டிருந்தவள், புதுப் பிடிக்கு மாறியதும் மூன்றுகூட அடிக்க மாட்டாள். பழைய பழக்கம் போயிருக்கும், புதுப் பழக்கம் வந்திருக்காது. எங்கள் பேட்ச்சில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் நின்றது அந்த மாசத்தில்தான். "தெருவுல ஆடினப்ப நல்லா ஆடினேன், கிளாஸுக்கு வந்து கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இடது கையால் கோலம் போடச் சொன்னால் முதல் நாளே புள்ளி நேராக வருமா? பிள்ளைகள் விஷயத்திலும் இதை நினைவில் வையுங்கள். மூன்றாவது வாரம் வந்து, "எனக்கு வரலைம்மா" என்று அழுதால், உடனே நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. ஷட்டில் கோர்ட்டில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் நான்கு பேர்தான் ஆட முடியும். எங்கள் ஊரில் ஒரு தனியார் அகாடமியில் இரண்டு கோர்ட்டுக்கு முப்பது பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். எட்டுப் பேர் ஆட, இருபத்திரண்டு பேர் சுவரோரம் நிற்பார்கள். ஒரு மணி நேர கிளாஸில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 16 நிமிஷம். இருபது நாள் முகாம் என்றால் மொத்தமே ஐந்தரை மணி நேரம்கூட இல்லை! ஐந்தரை மணி நேரத்தில் எந்த ஆட்டம் வரும்? இட்லி மாவு ஆட்டப் பழகவே அதைவிட அதிக நாள் ஆனது நமக்கு. அதனால் சேர்ப்பதற்கு முன்னால், எத்தனை கோர்ட், எத்தனை பிள்ளைகள் என்று நேரில் போய் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் நடத்துகிற கோடைகால முகாம்களையும் விசாரியுங்கள். தனியாரைவிடச் செலவு குறைவு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் நாத்தனாருக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் எட்டாவது, பையன் ஏழாவது. இரண்டு பேரும் ஒரே முகாமில், ஒரே மாஸ்டரிடம், ஒரே இருபது நாள் கற்றுக்கொண்டார்கள். முகாம் முடிகிறபோது பெண்தான் நன்றாக ஆடினாள். தம்பியை எளிதாக ஜெயிப்பாள். மாஸ்டரே, "பாப்பாவுக்குக் கை நல்லா வருதும்மா" என்றார். ஆறு மாசம் கழித்துத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரையும் ஆடச் சொன்னோம். பையன் ஜெயித்தான். அதுவும் சும்மா இல்லை, அவளைப் பாதிப் பாயிண்ட்கூட எடுக்க விடவில்லை. உடனே வீட்டுப் பெரியவர்கள், "பொம்பளப் புள்ளைக்குக் காசு கட்டுனது வீண்தான்" என்றார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆறு மாசத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டார்களா? பையன் தினம் சாயங்காலம் பேட்டை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு பள்ளி மைதானத்துக்குப் போனான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. செருப்பை மாட்டினான், போனான். பெண் அதே நேரத்தில் வாசல் தெளித்தாள், துணி மடித்தாள், விளக்கு ஏற்றினாள். "நானும் போகட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். "வயசுக்கு வர்ற நேரத்துல பசங்களோட என்ன ஆட்டம்?" என்று பதில் வந்ததாம். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. பேட் பரணுக்குப் போய்விட்டது.

நம் வீடுகளில் பெண் பிள்ளை, "விளையாடப் போறேன்" என்றால் விட மாட்டோம். "கிளாஸுக்குப் போறேன்" என்றால் விடுவோம். டைப்ரைட்டிங், தையல், ஹிந்தி, ஷட்டில் எதுவானாலும் கிளாஸ் என்ற பெயர் வேண்டும். எனக்கும் அப்படித்தான். "ஆடப் போறேன்" என்றபோது மாமியார், "இந்த வயசுல எதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்றார். "பணம் கட்டியாச்சு அத்தை" என்றதும் சரி என்றார். இப்போது அவரே பத்தே கால் ஆனால், "நேரமாச்சே, கிளம்பலையா?" என்கிறார். ஆண் பிள்ளைக்கு கிளாஸ் கற்றுக்கொள்கிற இடம் மட்டும்தான். பெண் பிள்ளைக்கு அதுதான் வெளியே போக அனுமதிச் சீட்டு. இருபது நாளில் சீட்டு காலாவதியானால் ஆட்டமும் அதோடு முடிகிறது.

நான் படிக்கிறபோதும் இதே கதைதான். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கும். அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். மீதி ஒன்றில் பையன்களுக்கு மைதானம், எங்களுக்கு மரத்தடியில் ரிங் ஒன்று. இருபத்தைந்து பேருக்கு ஒரு ரிங்!

சாதித்த பெண்களைப் பாருங்கள். பி.வி. சிந்து கோபிசந்த் அகாடமியில் பயிற்சி பெற்றவர், 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார், 2019-ல் உலக சாம்பியன் ஆனார். அகாடமி நல்ல அகாடமிதான். ஆனால் அவருடைய அப்பா, அம்மா இருவருமே வாலிபால் ஆடியவர்கள். ஆட்டத்துக்கு நேரம் வேண்டும் என்று தெரிந்த வீடு அது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் பேட்மின்டனில் பதக்கம் வாங்கினார்கள். துளசிமதி வெள்ளி, மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலம். காஞ்சிபுரத்து துளசிமதிக்குப் பேட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா. வசதியில்லாத குடும்பம், ஆனால் பெண் ஆடுகிற நேரத்தை யாரும் பிடுங்கவில்லை.

எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டின பணமும் கற்றுக்கொண்ட கையும் வீணாகக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அதற்கு நாம் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை.

மொட்டை மாடியில் கொடிக்கயிறு இருக்கிறது அல்லவா? அதை 5 அடி உயரத்தில் கட்டுங்கள். ஷட்டில் நெட்டின் நடு உயரம் அதுதான். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஆறரை அடி தள்ளி சாக்பீஸால் கோடு போடுங்கள். காற்று இல்லாத காலை நேரத்தில், ஒரு கோட்டுக்குப் பின்னால் நின்று, கயிற்றை ஒட்டினாற்போல் ஐம்பது சர்வீஸ் போடச் சொல்லுங்கள். பந்து எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டி விழ வேண்டும். இறகுப் பந்து சீக்கிரம் பிய்ந்துவிடும், நைலான் பந்து போதும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். என் மகள் இப்படித்தான் பழகுகிறாள். முன்பு அவள் போட்ட சர்வீஸில் பாதி நெட்டில் இடிக்கும். இப்போது எதிரில் நிற்கிற எனக்கே எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது, தெருவில் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒருத்தி மைதானத்தில் கூட இருந்தால், பெண் பிள்ளைகள் எல்லோரும் ஆடலாம். பயமும் இல்லை, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடங்களும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கென்று மைதானத்தை ஒதுக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்.

மூன்றாவது, அந்தச் சாயங்கால வேலையைப் பையனுக்கும் பங்கு போடுங்கள். அவன் ஒரு நாள் துணி மடித்தால் கை தேய்ந்துவிடாது. அவளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

கிளாஸுக்குப் போனால் ஆட்டம் வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் நான் சொல்வேன், சகோதரிகளே. கோச் கையைத் திருத்தி அனுப்புவார். அந்தக் கையில் பேட்டைக் கொடுப்பதா, துடைப்பத்தை மட்டும் கொடுப்பதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

— இல்லத்தரசி ஒருத்தி, கரூர்.