பாலாற்று உப்புக்கு யார் கணக்குப் பார்ப்பது?

அரக்கோணம் —
ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. இதில் தண்ணீர் ஓடும் வழியைக் கம்ப்யூட்டரில் பார்க்க லட்சக்கணக்கில் பணமா? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். பதிலும் இருக்கிறது.

ஒடிசாவில் சிலிகா என்று ஓர் உப்பு ஏரி. கடலோடு சேரும் வாய் மணலில் தூர்ந்தது. மீன் குறைந்தது, மீனவர் வயிற்றில் அடி! கடகடவென்று மண்ணை வெட்டிவிடவில்லை. எங்கே வெட்டினால் எவ்வளவு கடல் நீர் உள்ளே வரும் என்று புனேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் முதலில் மாதிரி செய்து பார்த்தது. பிறகுதான் 2000 செப்டம்பரில் புதிய வாய் திறந்தார்கள். மீன் திரும்பி வந்தது!

மண்ணுக்கு அடியில்...

நம் பக்கத்து உப்பு கண்ணுக்குத் தெரியாது. மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். தோல் ஷாப்பில் ஊறவைத்துக் கழுவும்போது அது கழிவுநீரோடு போகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பல வருடமாகப் பாலாற்று மணலில் இறங்கிய உப்பு இது. கரைந்துபோன உப்பு சாதாரண சுத்திகரிப்பில் போகாது.

மேல் பாலாற்றுப் படுகையை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்தது. 1999-ல் வெளிவந்த முடிவு என்ன? கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 வருடம் கழித்தும்கூட நிலத்தடி உப்பு பாதிக்குக் கீழே இறங்காதாம்!

குழாயை மூடினால் மட்டும் போதாது என்று அன்றைக்கே சொன்ன கணக்கு அது.

இதில் அரக்கோணத்துக்கு என்ன? பாலாற்று அணைக்கட்டிலிருந்துதான் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கால்வாய் வருகிறது. ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் இறங்கிப் பூண்டிக்குப் போகும். தினம் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவர் அங்கே குடிக்கும் தண்ணீருக்கும் பாலாற்றோடு உறவு உண்டு.

பணம் எங்கே?

1996 ஆகஸ்ட் 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்றது. 2025 ஜனவரி 30-ந்தேதி மறுபடியும் தீர்ப்பு: பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடு, கெடுத்தவரிடம் வசூல் செய், கமிட்டி போட்டு ஆற்றைச் சீர்ப்படுத்து!

அப்படி வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்குக்குப் போகவேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டுக் கைகழுவினால் பிரயோஜனமில்லை. வருடா வருடம் கிணறு கிணறாக உப்பு அளந்து கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லும். அடுத்து எந்த ஊர்க் கிணறு கெடும், எதை முதலில் காப்பாற்றலாம் என்று அப்போதுதான் தெரியும்.

கம்ப்யூட்டர் உப்பை அள்ளாது; வாஸ்தவம். ஆனால் அளவெடுக்காமல் எந்தத் தையல்காரரும் துணியில் கத்தரி வைப்பதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து ஆற்றைச் சீர்ப்படுத்தப் போகிறவர்கள் அளவெடுக்கும் கூலியில் மிச்சம் பிடிக்கலாமா?

சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்கட்டும்!