கடன்பட்டவர்களின் கோபம்

சில நாட்களுக்கு முன்பு அரக்கோணம் ஜங்ஷனில் ஒரு சிறு சச்சரவைப் பார்த்தேன். மின்சார ரயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்த இருவர், இறங்குகிற அவசரத்தில் கைபேசியை மாற்றி எடுத்துக்கொண்டு விட்டார்கள். ஒன்று அமெரிக்கக் கம்பெனியுடையது. மற்றது கொரியக் கம்பெனியுடையது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடிப் பலகை. ஒரே மாதிரி வளைந்த முனைகள். முதுகில் மூன்று கண்கள். “இதுகூடவா தெரியாது உமக்கு?” என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள்.

பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? 2011 அக்டோபரில் அமெரிக்க நீதிபதி லூசி கோ, ஆப்பிளின் பலகைக் கணினியையும் சாம்சங்கின் பலகைக் கணினியையும் தூக்கிப் பிடித்து, “எது உங்களுடையது?” என்று சாம்சங் தரப்பு வக்கீலையே கேட்டார். அந்தத் தூரத்திலிருந்து அந்த அம்மையாரால் உடனே சொல்ல முடியவில்லை!

அந்த வருஷம் ஏப்ரலில் தொடங்கியது அந்த வழக்கு. ‘எங்களைப் பார்த்துக் காப்பியடித்து விட்டார்கள்’ என்றது ஆப்பிள். 2012-ல் ஜூரிகள் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தார்கள். அதைக் கணக்கிட்ட முறை சரியல்ல என்றது 2016-ல் உச்ச நீதிமன்றம். 2018 மே மாதம் தொகை சுமார் 54 கோடி டாலராயிற்று. மறு மாதமே இருவரும் சமரசமாகி விட்டார்கள். என்ன சமரசம் என்று ஊருக்குச் சொல்லவில்லை. இதற்கு நடுவே, 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் திரையைச் செய்து கொடுத்தது யார்? அதே சாம்சங்தான். கோர்ட்டில் சண்டை, கொல்லைப்புறத்தில் கொள்முதல்!

சரி, யார் திருடன்? பெரிய திரையுள்ள கைபேசியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று 2010-ல் பரிகசித்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். 2011-ல் சாம்சங் பெரிதாகச் செய்தது. 2014-ல் ஆப்பிளும் செய்தது. காதுக்கருவி செருகும் துவாரத்தை ஆப்பிள் எடுத்துவிட்டபோது சாம்சங் கேலி செய்தது. 2019-ல் தானும் ஓசைப்படாமல் அடைத்துவிட்டது. சார்ஜர் இல்லாத டப்பாவை 2020 அக்டோபரில் கிண்டல் செய்தவர்கள், 2021 ஜனவரியில் தங்கள் டப்பாவிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். நல்லதைக் காப்பியடித்ததையாவது மன்னிக்கலாம், கஞ்சத்தனத்தையுமா காப்பியடிப்பது?

இதனால் காப்பியடிப்பதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பார்த்துச் செய்வதுதான் தொழில். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் வேலை கற்கிற பையன் மூத்தவன் கையைப் பார்த்துத்தான் கற்கிறான். ஒரு பட்டறையில் பிறந்த மாதிரி அடுத்த தெருவில் இன்னொரு வார் சேர்த்துக்கொண்டு நடக்கிறது. அப்படி நடக்காவிட்டால் ஏழை காலில் செருப்பும் இல்லை, கையில் பேசியும் இல்லை.

என் கோபம் வேறு. ஊரெல்லாம் கடன் வாங்கித் தின்றவன், தன் வாசலில் மட்டும் ‘கடன் கிடையாது’ என்று பலகை மாட்டுகிறானே, அதன் மேல்தான் என் கோபம்.

2025 ஜூனில் மிலான் நகரத்து அலங்கார மேடையில் பிராடா கம்பெனி ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அது நம் கோலாப்பூர்ச் செருப்பு என்று. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. மேடையிலே அதற்கு ‘தோல் செருப்பு’ என்று மட்டுமே பெயர். நாடு கூச்சலிட்ட பிறகு, இந்தியக் கைவினையிலிருந்து வந்த எண்ணம்தான் என்று ஒரு கடிதம் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கோ, போட்டவர்கள் அந்தக் குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளர்கள் அல்ல என்று தள்ளுபடியாயிற்று. டிசம்பரில் அந்த வட்டாரக் கைவினைஞரைக் கொண்டே செய்ய ஒப்பந்தம் ஏற்பட்டது. நல்லதுதான். ஆனால் பாருங்கள்: வளைந்த முனைக்குச் சொந்தம் கொண்டாடக் கம்பெனிக்கு ஏழு வருஷம் கோர்ட் கதவு திறந்திருந்தது, தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்தவனுக்கோ, ஊர் கூடிக் கத்தினால்தான் ஒரு கடிதம்!

நம் பக்கத்துக் கதையும் இதுதான். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தைத்த பூட்ஸின் உள்ளே பொறித்திருப்பது வெளிநாட்டுப் பெயர். அரக்கோணத்துக்கு அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் ஐபோனைப் பூட்டுகிறார்கள். ‘கலிபோர்னியாவில் ஆப்பிள் வடிவமைத்தது, இந்தியாவில் பொருத்தப்பட்டது’ என்று அதன்மேல் அச்சிடுகிறார்கள். வடிவமைத்தவனுக்குப் பெயர் உண்டு. பொருத்தியவளுக்கு வெறும் விலாசம்!

ஆகவே, இனி எந்தப் பெரிய கம்பெனியாவது ‘திருடன், திருடன்’ என்று கத்தினால், “உன் பற்றுவரவுப் புத்தகத்தை முதலில் எடு” என்று கேளுங்கள். யாரிடம் என்ன வாங்கினாய் என்று எழுதட்டும். எழுதிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கட்டும்.

அரக்கோணத்து மனிதர்கள் இருவரும், மாறிப்போனது தெரிந்ததும், இரண்டு நிமிஷத்தில் அவரவர் பொருளை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டார்கள். அவர்களுக்கு வக்கீல் தேவைப்படவில்லை.