படம் யாருக்குச் சொந்தம்?

படம் எடுத்தவருக்கே படம் சொந்தம். இதில் யாருக்கும் சந்தேகம் இராது. ஆனால், எடுத்த படத்தைக் காமிராவிலிருந்து வெளியே கொண்டுவர முடியாவிட்டால்? பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி இல்லாதவன் கதைதான்!

குழந்தையின் முதல் பிறந்த நாள், தங்கையின் கல்யாணம், தாத்தாவின் கடைசிப் பொங்கல்... எல்லாம் டிஜிட்டல் காமிராவுக்குள் இருக்கின்றன. வீட்டில் இருப்பதோ லினக்ஸ் கம்ப்யூட்டர். இரண்டையும் கம்பியால் இணைக்கிறார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. "லினக்ஸில் காமிரா வேலை செய்யாது, வேறு கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்று யாராவது யோசனை சொல்கிறார்கள். இது தவறான யோசனை, வீண் செலவு.

ஏழைக்கும் எட்டும் லினக்ஸ்

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை ஏற்பாடுகளில் ஒன்று லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை வெளியிட்டார். அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். சென்னை சி-டாக் நிறுவனத்தில் "பாஸ்" என்ற இந்திய லினக்ஸ் உருவாயிற்று. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இருந்தது.

இரண்டு பாஷைகள்

காமிராவுக்குப் பொதுவாக இரண்டு பாஷைகள் தெரியும்.

முதல் பாஷையில் அது வெறும் பென் டிரைவ் போல நடந்துகொள்ளும். டி.சி.ஐ.எம். என்ற பெயருள்ள அறைக்குள் படங்கள் இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். லினக்ஸுக்கு இது எளிது.

இரண்டாவது பாஷைக்குப் பி.டி.பி. என்று பெயர். படங்களை அனுப்புவதற்கென்றே 2000-ல் வகுத்த பொது விதி இது. கம்ப்யூட்டர் கேட்கும், காமிரா கொடுக்கும். லினக்ஸுக்கு இதில் துணை நிற்பது "ஜிபோட்டோ" என்ற இலவசப் புரோகிராம். 2,000-க்கும் மேற்பட்ட காமிரா வகைகளை அது அறியும்.

செய்ய வேண்டியது என்ன?

காமிராவில் பாட்டரி நிறைந்திருக்க வேண்டும். கம்பியைச் செருகிய பின் காமிராவை "ஆன்" செய்ய வேண்டும். படம் தெரியாவிட்டால், காமிராவின் மெனுவில் யு.எஸ்.பி. என்ற இடத்துக்குப் போய், ஒரு பாஷையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். கம்பியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். சில கம்பிகள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், படத்தைக் கடத்தா. இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் காமிராவைப் பிடித்துக்கொண்டாலும் தகராறுதான். ஒன்றை மூட வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லையா? காமிராவிலுள்ள கார்டைக் கழற்றி, "கார்டு ரீடர்" என்ற சிறு கருவியில் செருகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: "பார்மட் செய்யவா?" என்று திரை கேட்டால், "வேண்டாம்" என்றே சொல்ல வேண்டும். செய்தால் படங்கள் பறிபோகும்.

பூட்டு திறந்த கதை

32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளில் "எக்ஸ்பாட்" என்ற முறையில் படங்கள் பதிவாகின்றன. அதன் விதிகள் மைக்ரோசாப்ட் கம்பெனியிடம் இருந்தன. அந்தக் காலத்தில் லினக்ஸ்காரர்கள் தனிப் புரோகிராம் சேர்த்துச் சமாளித்தார்கள். 2019-ல் கம்பெனி விதிகளை வெளியிட்டது. மறு ஆண்டே, லினக்ஸ் 5.7 பதிப்பில் முறையான வசதி சேர்ந்துவிட்டது. விதி ஊரறிந்ததாக இருந்தால் கதவு திறக்கும். ரகசியமாக இருந்தால் பூட்டிக்கொள்ளும். இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

ஆகவே, காமிரா செய்கிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. எந்தப் பொது பாஷையில் காமிரா பேசும் என்பதைப் பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிட வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. விலையைக் கேட்பதுபோல, "லினக்ஸில் படம் இறங்குமா?" என்று கடையிலேயே கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். பல்லாயிரம் பேர் கேட்டால் கம்பெனியே யோசிக்கும்!