வாய்திறக்க முடியாதவனின் சம்மதம்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனைக் காப்பாற்ற வழிதேடி அமெரிக்கச் சர்வகலாசாலைகள் நடத்திவரும் ஆராய்ச்சிகள் வைத்தியர்களுக்கு மாத்திரம் உரிய விடயமென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நீதியைப் பற்றிய பெருங் கேள்வியொன்று அவற்றினுள்ளே அடங்கியிருக்கின்றது.

2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மாண்ட 4,596 அமெரிக்கப் படையினரின் மரணங்களைப் பற்றிய ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. வைத்தியசாலையை அடையுமுன்னரே உயிர்நீத்தோரில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள் என்றும், அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் குருதிப் பெருக்கினாலேயே மாண்டனர் என்றும் அது காட்டிற்று. குருதி பெருகி ஓடும்போது அதனை உறையச் செய்யும் ஆற்றலும் உடன் குன்றிவிடுகின்றது. அவ்வாற்றலை மீட்டளிக்கவல்லது பிளாஸ்மா. அதனை வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலேயே கொடுத்தால் என்ன?

இவ்வினாவுக்கு விடைகாணப் பிட்ஸ்பேர்க் சர்வகலாசாலையின் தலைமையில், அமெரிக்க இராணுவத்தின் பணத்தைக்கொண்டு, 2014 முதல் 2017 வரை ஒரு சோதனை நடைபெற்றது. 27 விமானத் தளங்களிலிருந்து ஹெலிகொப்டர்களில் கொண்டுசெல்லப்பட்ட 501 பேர் அதில் இடம்பெற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 33 பேர் முப்பது நாட்களுக்குள் இறந்தனர். பிளாஸ்மா பெற்றோரில் இறந்தோர் நூற்றுக்கு 23 பேர். அதே காலத்தில் டென்வர் நகரில் தரைவழி அம்புலன்ஸ்களில் நடந்த சோதனையில் இந்நன்மை தோன்றவில்லை. பின்னர் இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தபோது, பயணம் இருபது நிமிடத்துக்கு மேற்பட்டவிடத்தே பயன் விளைந்தமை புலனாயிற்று. நகரத்தானைவிடத் தூரத்துக் கமக்காரனுக்கே இவ்வறிவு அதிகம் வேண்டப்படுவது என்பது இதனாற் பெறப்படும்.

ஆனால், அந்த 501 பேரும் போர்வீரர்கள் அல்லர். அன்றாட விபத்துகளிலே காயப்பட்ட சாதாரண குடிமக்கள். அறிவிழந்து கிடந்தவனிடம் சம்மதம் கேட்டவர் யார்?

மனிதன்மீது நடத்தப்படும் எச்சோதனைக்கும் அவனது சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று 1947இல் நூரம்பேர்க் நீதிமன்றம் விதித்தது. அவ்விதியை நாம் இம்மியும் இலேசாக மதிப்பவரல்லர். எனினும், பேச முடியாதவனுக்கு எதுவுமே சோதிக்கப்படலாகாதெனின், அவனைப் பழைய வழக்கத்தின் கையிற் சாகவிடுவதாகவே முடியும். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கவே 1996இல் அமெரிக்கா ஒரு விலக்கு விதியை இயற்றியது. உயிராபத்து இருத்தல் வேண்டும். இருக்கும் சிகிச்சை போதாததாயிருத்தல் வேண்டும். நோயாளிக்கே நேரடிப் பயன் கிட்டும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். சோதனை நடக்கவிருக்கும் பிரதேசத்து மக்களோடு முன்கூட்டியே ஆலோசித்தல் வேண்டும். சோதனையின் நோக்கமும் முடிவும் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். சுதந்திரமான குழுவொன்று கண்காணித்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில.

இவ்விதி தக்கதே. ஆயினும் சட்டத்தின் எழுத்து வேறு, அதன் உயிர் வேறு. ஒரு மண்டபத்தில் நாலு பேரைக் கூட்டி, அவர்களுக்கு விளங்காத சொற்களிற் பேசிவிட்டு, மக்களின் கருத்தை அறிந்துவிட்டோம் என்று ஏட்டிற் பதிவது ஆலோசனையாகுமா? மக்களுக்கு விளங்கும் மொழியிற் பேசி, அவர்கள் மறுத்துரைப்பதையும் செவிமடுத்து, அதனாற் சோதனையையே மாற்றவும் ஆயத்தமாயிருப்பதன்றோ ஆலோசனை! அன்றியும், டென்வரின் முடிவைப்போல எதிர்பார்த்த பயன் கிட்டாத முடிவுகளும் மறைக்கப்படாமல் வெளிவருதல் அவசியம். அம்முடிவு வெளிவந்திராவிடின் தூரத்தின் உண்மையை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கூறுவோம். தன் உடலைத் தானறியாமலே ஈந்தவன் குடிமகன். அவ்வீகையால் விளைந்த அறிவு படைமுகாமின் வாயிலோடு நின்றுவிடுமானால், அது கைம்மாறற்ற கடனாகிவிடும். வீரனின் உயிர் பெரிது. அதனைக் காத்தல் கடமை. கலப்பை பிடிப்பவனின் உயிரும் அதனினும் சிறிதன்று. ஆபத்தைச் சுமந்தவனுக்கே அதன் பயனும் முதலிற் சேர்தல் வேண்டும். அதுவே நீதி.