உற்றறியும் ஓவியர்

ஓவியம் கண்ணுடையார்க்கே உரிய கலை என்பது பலர் கருத்து. அக்கருத்துப் பொருந்தாது என்பதற்குத் துருக்கி நாட்டு ஓவியர் எஷ்ரெஃப் அர்மான் சான்றாவார். 1953-ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரில் பிறந்த அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். கூரிய கருவியால் கோடுகளைப் பதித்து, அவற்றை விரலால் தடவியறிந்து, விரலாலேயே வண்ணம் தீட்டுவது அவர் முறை. தொலைவிலுள்ள பொருள் சிறிதாய்த் தோன்றும் இயல்பும் அவர்தம் படங்களில் அமைந்துள்ளது.

இஃது எவ்வாறு இயன்றது? அவர் கையால் தொட்டறிந்த பொருள்களை வரையும்பொழுது அறிஞர் அவரது மூளையை ஆராய்ந்தனர். பார்வையுடையார்க்குக் காட்சியை உணர்த்தும் பின்மூளைப் பகுதி அவரிடத்தும் தொழிற்பட்டமையை 2008-இல் வெளியான ஆய்வுரை கூறுகின்றது. ஆகவே, இடத்தையும் வடிவையும் அறிவதற்குக் கண் ஒன்றே வாயிலன்று, கையும் வாயிலாகும். தொல்காப்பியனார் உற்றறிதலையே முதலறிவாக வைத்தமை ஈண்டு நினையத்தக்கது.

வண்ணத்தின் நிலை வேறு. அது தொடுவார்க்குப் புலனாகாது. இலை பசுமை, வானம் நீலம் எனப் பிறர் சொல்லக் கேட்டே அர்மான் நிறங்களை அறிந்தார். வடிவம் அவர் கை தேடிய பொருள். வண்ணமோ பிறர் பொறுமையுடன் அளித்த கொடை.

மாணவர்களே! பார்வையற்ற தோழரை ஓவிய வகுப்பினின்று விலக்கி வைத்தல் அறமன்று. கோடு மேடாக எழும் தாளை அவர் கையில் கொடுங்கள். நிறங்களை எடுத்துச் சொல்லுங்கள். எல்லாரும் அர்மான் ஆகார் என்பது உண்மையே. ஆயினும், விழியில்லை என்பதற்காக வழியில்லை என்று கூற நாம் யார்?