வார்ப்பது கடைசி வேலை

பெங்களூரில் சிற்றுருவங்கள் செய்யத் தொடங்கும் மாணவர் முதலில் வாங்குவது ரெசின் புட்டி; அச்சைப் பற்றிய எண்ணம் பிறகே வருகிறது. சுவாமிமலைச் சிற்பியரிடம் இந்த வரிசை இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையில் உருவம் முழுமை பெறுகிறது. அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசப்படுகிறது. மெழுகு உருகி வெளியேறிய பின்னரே உலோகம் உட்செல்கிறது. ஊற்றும் நேரம் மிகச் சிறிது. உழைப்பெல்லாம் அதற்கு முந்தியது.

அங்கே அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். சிலிக்கோன் அச்சோ மீண்டும் மீண்டும் பயன்படும். ஆகவே அதிலுள்ள பிழையும் ஒவ்வொரு பிரதியிலும் திரும்ப வரும். கந்தகம் கலந்த களிமண்ணில் மூல உருவைச் செய்தால் பிளாட்டின வகைச் சிலிக்கோன் இறுகாது. இருபகுதி அச்சில் முதற்பாதியின்மேல் பிரிப்புப் பூச்சு இல்லையேல் இரண்டும் ஒன்றாய் ஒட்டிவிடும். உருவின் உயர்ந்த முனைகளில் காற்று வெளியேற வழி வேண்டும்.

பொருளின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். பெங்களூரின் மழைக்காலத்தில் திறந்துவைத்த பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நுரைக்கும். இறுகாத எபாக்சி தோலில் அடிக்கடி பட்டால் வாழ்நாள் முழுதும் நீளும் ஒவ்வாமை வரலாம். அடைத்த விடுதி அறை இவ்வேலைக்கு உரிய இடமன்று. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டமும் நைட்ரைல் கையுறையும் துல்லியமான தராசும் ரெசினுக்கு முன்பே வாங்க வேண்டியவை.

எனவே பயிலரங்கின் முதல் நாள் முழுவதும் அச்சுக்கே உரியதாக வேண்டும். ஊற்றக் கற்பிப்பது எளிது. ஊற்றுவதற்கு முன் பொறுத்திருக்கக் கற்பிப்பதே கல்வி.